தையல் யந்திரமும் அதைச் செய்தோரும்

ஏழைக் குடும்பங்களின் திண்ணைக்குச் சொந்தச் சொத்தாக வந்து சேர்ந்த முதல் யந்திரம் தையல் யந்திரமே எனலாம். நெல் அரைக்கும் மில்லும் நூல் நூற்கும் ஆலையும் முதலாளிகளிடம் இருந்தன. தொழிலாளி அவ்விடம் சென்று கூலிக்கு உழைத்தான். தையல் யந்திரமோ தொழிலாளியின் வீட்டைத் தேடி வந்தது. யந்திரத்தின் நுட்பம் இதற்கு ஒரு காரணம். அதைச் செய்தோர் கையாண்ட விற்பனை முறை மற்றொரு காரணம். இம்முறையில் வாங்குவோர்க்கு அனுகூலமும் உண்டு, அபாயமும் உண்டு. தையலை ஜீவனமாகக் கொள்ள விரும்பும் மாதரும், அவர்களுக்குக் கடன் கொடுக்கும் சங்கத்தாரும் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

சென்னையில் ராயப்பேட்டை மணிக்கூண்டுக்கும் அமீர் மஹாலுக்கும் இடைப்பட்ட தெருக்களில் செல்வோர், உடம்பு பாதி உள்ளும் பாதி வெளியுமாக அமர்ந்து பெடல் மிதிக்கும் தையற்காரர்களைக் காணலாம். அவர்கள் முன்னுள்ள கறுப்பு நிற யந்திரத் தலையில் பொன்னெழுத்துக்கள் பாதி தேய்ந்திருக்கும். ஒன்றில் சிங்கர் என்றும், ஒன்றில் உஷா என்றும், வேறொன்றில் மெரிட் என்றும் படிக்கலாம். சிலவற்றில் பெயரே இராது. பெயர் எதுவாயினும் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளிருக்கும் வேலைப்பாடு ஏறக்குறைய ஒன்றேயாகும். இவ்வொற்றுமை எவ்வாறு நேர்ந்தது என்பதே தையல் யந்திரத்தின் சரித்திரம்.

முதலில் யந்திரம் தைக்கும் விதத்தைச் சிறிது அறிய வேண்டும். கையால் தைக்கும்போது ஊசி முழுவதும் துணியை ஊடுருவி மறுபக்கம் சென்று மீண்டும் வர வேண்டும். ஊசியை ஒரு கை விட, மறு கை வாங்கும். யந்திரத்தின் பிடியோ ஊசியை விடுவதில்லை. ஆகவே ஊசியின் காதை அதன் கூர்முனைக்கருகில் அமைத்து, இரண்டாவது நூல் ஒன்றை அடியில் வைத்தனர். ஊசி நூலுடன் துணிக்குள் இறங்கிச் சற்றே மேலெழும்போது நூல் தளர்ந்து ஒரு சிறு வளையமாகும். அவ்வளையத்துள் ஷட்டிலின் மூக்கு நுழைந்து அதைப் பற்றிக்கொள்ள, பாபினிலுள்ள அடிநூல் வளையத்தின் ஊடே சென்றுவிடுகிறது. தறியில் நாடா பாவின் இடையே ஓடுவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். ஆதிகாலத்து யந்திரங்களின் ஷட்டிலும் நாடாவைப்போலவே படகு வடிவில்தான் இருந்தது. இரு நூல்களும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதே சரியான தையல். அடிநூல் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூலின் இறுக்கம் அதிகம் என்றும், மேல்நூல் அடியில் தெரிந்தால் அது குறைவு என்றும் கொள்க.

இவ்வளவும் ஒருவர் மூளையில் ஒரே நாளில் உதித்ததன்று. இங்கிலாந்தில் தாமஸ் செயிண்ட் என்பவர் 1790-ஆம் வருஷத்திலேயே தோல் தைக்கும் யந்திரம் ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அது புழக்கத்திற்கு வரவில்லை. பிரான்ஸ் தேசத்தில் பார்த்தெலமி திமோனியே என்னும் ஏழைத் தையற்காரர் 1830-இல் உரிமை பெற்று, பாரிஸில் சுமார் 80 யந்திரங்களைக் கொண்டு பட்டாளத்தாருக்கு உடுப்புத் தைக்க ஏற்பாடு செய்தார். தங்கள் பிழைப்புப் போயிற்று என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-இல் திரண்டு வந்து அவற்றை உடைத்தெறிந்தனர். திமோனியே 1857-இல் வறுமையிலேயே இறந்தார். உடைத்தவர்களை மூடர் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. யந்திரம் வேறொருவருடையதாக இருந்ததே அவர்களுடைய அச்சத்தின் வேர். அது தங்கள் சொந்தமாயிருந்தால் உடைத்திருப்பார்களா என்பது யோசிக்கத்தக்கது.

அமெரிக்காவில் வால்ட்டர் ஹண்ட் என்பவர் 1833-34-இல், முனையில் காதுள்ள ஊசியும் ஷட்டிலும் கொண்ட யந்திரத்தை அமைத்தார். தையற்பெண்கள் வேலையிழப்பார்கள் என்னும் தயக்கத்தால் அதற்கு உரிமை கோராது விட்டார் என்று சொல்லப்படுகிறது. இன்று நம் மாதர் புடவைத் தலைப்பில் குத்திக்கொள்ளும் ஊக்கும் இவருடைய சிருஷ்டியே. அவர் விட்டதை எலியாஸ் ஹோவ் என்பவர் தாமாகவே கண்டு 1846-இல் உரிமை பெற்றார். ஆலன் வில்ஸன் என்பவர் துணியைத் தானே நகர்த்திச் செல்லும் பல்வரிசையை அமைத்தார். இறுதியாக 1851-இல் ஐஸக் மெரிட் சிங்கர் என்பவர், செங்குத்தாக இறங்கும் ஊசி, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம், காலால் மிதிக்கும் பெடல் முதலியவற்றைச் சேர்த்து, தையற்காரருக்கு உண்மையில் உபயோகமாகும் யந்திரத்தை உண்டாக்கினார். மெரிட் என்று நம் ஊரில் விற்ற யந்திரத்தின் பெயர் இவருடைய நடுப்பெயரேயாகும்.

பின்பு வந்தது வழக்கு. ஊசி ஹோவினுடையது, பல்வரிசை வில்ஸனுடையது, மற்றவை சிங்கருடையவை. எவரும் பிறருடைய உரிமையை மீறாமல் ஒரு முழு யந்திரத்தைச் செய்ய முடியவில்லை. ஒருவர் மீது ஒருவர் தொடுத்த வழக்குகளில் வக்கீல்களே லாபமடைந்தனர். 1856-இல் சிங்கர் கம்பெனியும், வீலர்-வில்ஸன், குரோவர்-பேக்கர் என்னும் கம்பெனிகளும், ஹோவும் கூடி, உரிமைகள் யாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டனர். வேறு எவர் யந்திரம் செய்தாலும் ஒன்றுக்கு இத்தனை டாலர் என இக்கூட்டுக்குச் செலுத்த வேண்டும். இவ்வேற்பாடு 1877 வரையில் நீடித்தது. கூட்டுச் சேர்தலின் நன்மையைக் குடியானவர்க்குப் போதிக்க வேண்டியிருக்கிறது. முதலாளிகள் அதைப் போதனையின்றியே அறிந்திருந்தனர்.

அதே 1856-ஆம் வருஷத்தில் நிகழ்ந்த மற்றொரு விஷயம், யந்திரத்தின் கண்டுபிடிப்புக்குச் சற்றும் குறைந்ததன்று. அக்காலத்தில் யந்திரத்தின் விலை 100 டாலருக்கு மேல் இருந்தது. சாதாரணக் குடும்பத்தினர் அதை ஒரே தடவையில் கொடுக்க இயலாது. சிங்கரின் கூட்டாளியான எட்வர்ட் கிளார்க் என்னும் வக்கீல், சிறிது முன்பணம் பெற்றுக்கொண்டு யந்திரத்தை வீட்டிற்கு அனுப்பி, மீதியை மாதத் தவணையாக வசூலிக்கும் முறையை ஏற்படுத்தினார். கடைசித் தவணை தீரும் வரையில் யந்திரம் கம்பெனியின் சொத்து. தவணை தவறினால் ஆள் வந்து எடுத்துச் செல்வான். விற்பனை பன்மடங்கு பெருகியது. வீடு வீடாகச் சென்று தவணை வசூலிக்கும் ஏஜெண்டு, யந்திரத்தைப் பழுது பார்ப்பான். அடுத்த வீட்டிலும் ஒன்றை விற்பான். தையல் யந்திரத்தை உலகெங்கும் பரப்பியது ஊசியா தவணையா என்று கேட்டால், தவணை என்றே சொல்லத் தோன்றுகிறது.

நம் நாட்டுக்கு வந்த சிங்கர் யந்திரங்களில் மிகுதியானவை ஸ்காட்லாந்தில் கிளைடுபாங்க் என்னும் ஊரில் செய்யப்பட்டவை. அங்கே 1880-களில் எழுந்த தொழிற்சாலையின் உச்சியில், ராயப்பேட்டை மணிக்கூண்டைப் பன்மடங்கு பெருக்கினாற்போன்ற நான்குமுகக் கடிகாரம் ஒன்று நின்றது. ஒவ்வொரு முகமும் 26 அடி குறுக்களவு. ஒரே அச்சில் வார்த்தாற்போல் உறுப்புக்களைச் செய்து, எந்த யந்திரத்தின் உறுப்பும் எந்த யந்திரத்துக்கும் பொருந்துமாறு செய்யும் வித்தை அக்காலத்தில்தான் கைவந்தது. அதற்கு முன் ஒவ்வோர் உறுப்பையும் அரத்தால் ராவிப் பொருத்த வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் உடைந்த ஷட்டிலுக்கு மாற்று, சென்னையில் வாங்கிப் பொருத்தக்கூடியதாக ஆனது இதனாலேயே.

அத்தொழிற்சாலையிலும் எல்லாம் சுகமாக இருக்கவில்லை. 1911-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், யந்திரப் பெட்டிகளுக்கு மெருகிடும் 15 பெண்களில் மூவரை வேறு வேலைக்கு மாற்றி, அவர்கள் வேலையையும் எஞ்சிய 12 பேர் தலையில் கட்டினர். அவர்கள் வேலையை நிறுத்தினர். அவர்களுக்காகச் சுமார் 11,000 தொழிலாளர் வெளியேறினர். மூன்று வாரங்களுக்குப்பின் வேலைநிறுத்தம் தோற்றது. தலைமை வகித்த நூற்றுக்கணக்கானோர் நீக்கப்பட்டனர். ஏழைத் தையற்பெண்ணின் வீட்டில் சுதந்திரம் தந்த யந்திரம், அதைச் செய்த பெண்ணுக்கு அதைத் தரவில்லை. தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. அவ்வூர் ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் சிங்கர்தான்.

இந்தியாவில் சிங்கர் கம்பெனியின் வியாபாரத்தை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வளர்த்தவர் நஸர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்னும் பார்ஸி கனவான். இலங்கையில் 1877-லேயே கம்பெனி கடை திறந்தது. அவ்விடம் சிங்கர் என்பது பின்னர் ரேடியோவும் குளிர்பெட்டியும் விற்கும் பெரிய ஸ்தாபனமாகியது. இந்தியாவில் தொடக்கத்தில் ஓர் இடையூறு இருந்தது. வேஷ்டிக்கும் புடவைக்கும் தையல் வேண்டியதில்லை. ரவிக்கை, சட்டை, பள்ளிப்பிள்ளைகளின் நிஜார், போலீஸாரின் உடுப்பு ஆகியவை பரவப் பரவத்தான் யந்திரத்துக்கு வேலை ஏற்பட்டது. மேல்நாட்டில் இல்லத்தரசிகள் வாங்கிய அளவு, இங்கே தொழில்முறைத் தையற்காரரே முதலில் வாங்கினர்.

யந்திரங்களைக் கண்டித்து வந்த காந்தியடிகளும் இதற்கு விலக்கு அளித்தார். 1924-இல் டில்லியில், சாந்திநிகேதன் மாணவரான ஜி. ராமச்சந்திரன் அவரிடம் யந்திரங்கள் யாவுமே தீயனவா என்று வினவியபோது, சிங்கர் யந்திரத்தை உதாரணமாகக் காட்டி, தம் மனைவி ஊசியோடு படும் பாட்டைக் காணப் பொறாமல் அன்பினால் சிங்கர் அதை அமைத்தார் என்று மகாத்மா கூறினார். சரித்திரம் அவ்வாறில்லை. சிங்கர் பல பெண்களோடு குடும்பம் நடத்தியவர். அவர் தேடியது பொருளே. ஆயினும் அடுத்து நடந்த சம்பாஷணையே முக்கியமானது. அவ்வாறாயின் அந்த யந்திரங்களைச் செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று மாணவர் மடக்க, அத்தகைய தொழிற்சாலைகள் தேசத்தின் உடைமையாகவோ சர்க்காரின் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் விடையளித்தார். அம்மாணவரே பின்னர் 1947-இல் தம் மனைவியார் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல்லுக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவியவர்.

இந்தியர் தாமே யந்திரம் செய்யும் முயற்சி 1930-களின் நடுவில் கல்கத்தாவில் தொடங்கியது. பிஷன் தாஸ் பேஸில் என்பவர் நிறுவிய ஜெய் எஞ்சினீயரிங் ஒர்க்ஸ் உஷா என்னும் பெயரில் யந்திரம் செய்தது. பொருள் நெருக்கடியில் இருந்த அத்தொழிற்சாலையை 1938-இல் டில்லி துணி மில்லைச் சேர்ந்த லாலா ஸ்ரீராம் ஏற்றுக்கொண்டார். இரண்டாம் உலக யுத்தத்தில் வெளிநாட்டுச் சரக்கு வருவது தடைப்பட்டது. சுதந்திரத்திற்குப்பின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. இவ்விரண்டின் நிழலில் உஷா வேரூன்றி, பிற தேசங்களுக்கும் ஏற்றுமதியாயிற்று. ஊர்தோறும் அது நடத்திய தையற்பள்ளிகளால், படித்து முடித்த பெண் வாங்கும் யந்திரமும் உஷாவாகவே இருந்தது. கிளார்க்கின் தவணையைப்போலவே இதுவும் ஒரு சாமர்த்தியம்.

பஞ்சாப் மாகாணத்தில் லூதியானா நகரம் மற்றொரு வழியில் சென்றது. அங்கே ஒருவர் தலையை வார்ப்பார். ஒருவர் தண்டைக் கடைவார். வேறொருவர் ஷட்டில் மட்டும் செய்வார். கடைசியில் ஒருவர் அனைத்தையும் பூட்டித் தம் பெயரை எழுதுவார். உறுப்புக்கள் எதிலும் பொருந்தும் என்பதால்தான் இச்சிறு பட்டறைத் தொழில் சாத்தியமாயிற்று. சிங்கரின் 15-ஆம் எண் மாதிரியை, உரிமைக் காலம் தீர்ந்தபின், ஜப்பானியரும் இந்தியரும் அப்படியே பின்பற்றினர். ராயப்பேட்டைக் கடைகளில் பெயர் வேறாயினும் உள்ளுறுப்பு ஒன்றாக இருப்பதன் ரகசியம் இதுவே. விலை குறைந்ததும், உபரி உறுப்பு மூலைக் கடையிலும் கிடைப்பதும் இதன் நன்மை. வார்ப்பும் கடைசலும் பட்டறைக்குப் பட்டறை வேறுபடுவது இதன் குறை, ஆகையால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குதல் உசிதம்.

ஜப்பானிய ஸ்தாபனங்களுள் ஜூகியின் தோற்றம் சங்கத்தாருக்கு விசேஷமாகத் தோன்றக்கூடும். 1938-இல் டோக்கியோவின் யந்திரத் தொழிற்சாலைக்காரர் சுமார் 900 பேர் முதல் போட்டுத் தொடங்கிய சங்கம் அது. யுத்த காலத்தில் துப்பாக்கி செய்தது. யுத்தம் முடிந்தபின் தையல் யந்திரத்துக்குத் திரும்பியது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் மின்சாரத்தால் ஓடும் யந்திரங்களில் ஜூகியும், சீனத்து ஜாக்கும் பெரும்பாலன. இவை தொழிலாளியின் வீட்டைத் தேடி வருவதில்லை. தொழிலாளி இவற்றைத் தேடிச் செல்ல வேண்டும்.

இனி, வாங்குவோர் விஷயம். தவணை முறையின் அபாயம் கணக்கில்தான் தெரியும். உதாரணமாக, ரொக்கத்தில் 9,000 ரூபாய் விலையுள்ள யந்திரத்தை, 1,000 ரூபாய் முன்பணத்துக்கும், மாதம் 900 ரூபாய் வீதம் 12 தவணைக்கும் ஒருவர் தருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் செலுத்துவது 11,800 ரூபாய். அதிகம் 2,800 ரூபாய்தானே, வருஷத்துக்கு நூற்றுக்கு 35 ரூபாய்தானே எனத் தோன்றும். ஆனால் கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் போடப்பட்டது. குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் இது நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய 5 ரூபாய், அதாவது பேட்டையில் சொல்லும் அஞ்சு வட்டி. முன்பணம் எவ்வளவு, தவணை எவ்வளவு என்று கேட்பதோடு, ரொக்க விலை என்ன என்றும் கேட்காமல் கையெழுத்திடலாகாது. ரொக்க விலையைச் சொல்ல மறுக்கும் வியாபாரியிடம் வாங்காதிருப்பதே மேல்.

கூட்டுறவுச் சங்கம் தோன்றியது இத்தகைய கணக்குக்காகவே. ராயப்பேட்டைக்கு அடுத்த திருவல்லிக்கேணியில் 1904-இல் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் நாடறிந்தது. சங்கத்திலோ சுய உதவிக் குழுவிலோ கடன் பெற்று, ரொக்கத்துக்கு யந்திரம் வாங்கும் பெண், முதல் நாளிலிருந்தே அதன் உடைமையாளி. தவணை தவறினாலும் திண்ணையிலிருந்து யந்திரத்தைத் தூக்கிச் செல்ல ஏஜெண்டு வரமாட்டான். தமிழ்நாட்டில் சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரால் அமைந்த திட்டத்தின்படி விதவைகள், கைவிடப்பட்ட மனைவிமார், ஆதரவற்றோர், ஊனமுற்றோர் முதலியோருக்குத் தையல் யந்திரம் இலவசமாகவே வழங்கப்படுகிறது; தையல் தெரிந்திருப்பது நிபந்தனை.

ஆயினும் யந்திரம் கிடைத்தால் போதாது. அதற்கு வேலை கிடைக்க வேண்டும். வேலையில்லாத யந்திரத்தின் மீது முதலில் பழைய புடவை போர்த்தப்படும், பிறகு துணி மூட்டை ஏறும், அதன்பின் அடகுக் கடைக்குச் செல்லும். பள்ளிப்பிள்ளைகளின் இலவசச் சீருடை இங்கே பெரிய ஆதாரமாக உள்ளது. 1985-இல் தொடங்கிய அத்திட்டத்துக்குத் துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்கின்றன. மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர் வெட்டிய துணியை வாங்கிச் சென்று வீட்டிலேயே தைத்துத் தருகின்றனர். உருப்படிக் கூலியானமையால் யந்திரம் ஒரு நாள் நின்றால் அன்று வரும்படி இல்லை. நூலும் ஊசியும் எண்ணெயும் தைப்பவர் செலவானால், கூலியில் அதைக் கழித்தே வரும்படியைக் கணக்கிட வேண்டும். கழிக்காமல் கணக்கிட்டு மகிழ்வோர் பலர்.

யந்திரம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும். தேங்காயெண்ணெய் விடுவது மிகவும் தவறு; அது சில வாரங்களில் பிசினாகித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். யந்திரத்துக்குரிய மெல்லிய எண்ணெயைத் துளித் துளியாக விட்டு, கழிவுத் துணியில் சிறிது ஓட்டி, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். ஊசியில் ஒரு பக்கம் நீண்ட பள்ளம் இருக்கும். அப்பள்ளமுள்ள பக்கத்திலிருந்தே நூல் கோக்க வேண்டும். மெல்லிய துணிக்கு 11 அல்லது 14-ஆம் நம்பர், சீருடை போன்ற தடித்த துணிக்கு 16-ஆம் நம்பர் ஊசி ஏற்றது. முனை மழுங்கிய ஊசியால் தையல் விட்டுப்போவதைக் கண்டு, ஷட்டில் கெட்டது என்று மெக்கானிக்குக்குப் பணம் கொடுப்போர் உண்டு. முதலில் ஊசியை மாற்றிப் பார்க்கவும்.

பழைய யந்திரம் வாங்குவோர் வர்ணத்தைப் பார்த்து மயங்கலாகாது. புது வர்ணம் பூசிப் பொன்னெழுத்து ஒட்டுவது கடினமன்று. சிங்கர் என்று எழுதியிருப்பவை எல்லாம் சிங்கரும் அல்ல. அடித்தட்டின் வலப்புறம் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகடு இருக்கும். 1935-க்குப்பின் கிளைடுபாங்கில் செய்தவற்றில் அவ்வெழுத்து இரட்டையாகவும் முதலெழுத்து ஆங்கில ஈ ஆகவும் காணும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தைத் தம் பக்கமாக மெல்லச் சுற்றிப் பார்க்கவேண்டும். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் தண்டு வளைந்திருக்கலாம். ஊசி பிடிக்கும் கம்பியை விரலால் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. பல்வரிசையின் முனைகள் தேய்ந்திருந்தால் துணி வழுக்கும். அதை மாற்றச் செலவு அதிகமில்லை, ஆகவே விலையில் குறைத்துக் கேட்கலாம். பின்பு மேலே வெள்ளை நூலும் அடியில் கறுப்பு நூலும் கோத்து, இரண்டாக மடித்த காடாத் துணியில் ஒரு முழம் தைத்து, இரு பக்கமும் திருப்பிப் பார்க்கவும். மேலே கறுப்பும் கீழே வெள்ளையும் தெரியாவிட்டால் விலை பேசலாம்.